மணக்கோலத்தில் சென்ற சகோதரி

(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் குடும்பத்தோடு கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற மாதம் இதே இடத்தில் நாம் கூடியிருந்தபோது, கூட்டம் முடிகிற சமயத்தில் ஒரு தாய் எழுந்து நின்றார். ரீலிங் பகுதியில் இருபது வருஷம் நின்று நின்று உழைத்துக் கால் வீங்கிப்போனவர். அவர் கேட்டார்: "என் மகள் வெளிதேசத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்கிறாள். தனியாகத்தான் போகவேண்டும். அனுப்பலாமா, கூடாதா? சங்கத்துக்காரர்கள் சொல்லுங்கள்."

அந்தத் தாய் உட்காருவதற்குள் நாலா பக்கத்திலிருந்தும் குரல்கள் எழும்பின. "பொம்பளைப் பிள்ளையைத் தனியா அனுப்பறதா?" என்றார் ஒருவர். "காலம் கெட்டுக் கிடக்கு" என்றார் இன்னொருவர். "போன இடத்துல என்ன ஆனாள்னு யாருக்குத் தெரியும்? கஞ்சியோ கூழோ, வீட்டோட கிடக்கட்டும்" என்றார் மூன்றாமவர். இதெல்லாம் கெட்ட எண்ணத்தில் சொன்ன வார்த்தைகளல்ல. பெற்ற வயிறு பயப்படும், கூடப் பிறந்தவன் மனசு பதறும். அதை நாங்கள் அறிவோம்.

அன்றைக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை. 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு வார்த்தையில் முடிக்கிற விஷயமல்ல அது. இன்று பதில் சொல்ல வந்திருக்கிறோம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும். தூரதேசத்துச் சம்பவம்தான். கேட்டுவிட்டு, நமக்கும் அதற்கும் சம்பந்தமுண்டா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

இத்தாலி நாட்டில் மிலான் என்று ஒரு பெரிய நகரம். அங்கே பிப்பா பாக்கா என்ற பெயரில் ஒரு பெண் கலைஞர் இருந்தார். வயது 33. அவரும் அவருடைய சிநேகிதியான இன்னொரு பெண் கலைஞரும் சேர்ந்து ஒரு காரியத்தைத் தொடங்கினார்கள். இருவரும் வெள்ளை நிறத்தில் மணப்பெண் உடை உடுத்திக்கொண்டு, 2008-ம் வருஷம் மார்ச் 8-ம் தேதி மிலானிலிருந்து புறப்பட்டார்கள். எங்கே? ஜெருசலத்துக்கு. எப்படி? ரயிலிலல்ல, விமானத்திலுமல்ல. வழியில் போகிற கார்களையும் லாரிகளையும் கை காட்டி நிறுத்தி, ஏற்றிக்கொள்கிறவர்களோடு ஏறிப் போவது என்று தீர்மானம்.

மார்ச் 8 என்ன நாள் என்று இங்கே இருக்கிற தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1910-ல் கோபன்ஹேகன் நகரத்தில் கூடிய சோஷலிஸ்ட் மாதர் மாநாட்டில் கிளாரா ஜெட்கினும் அவருடைய தோழியரும் முன்மொழிந்து, அதன் பயனாக உலகத்துக்கு வந்த உழைக்கும் மாதர் தினம் அது. அந்த நாளில் புறப்பட்டார்கள் இந்த இருவரும்.

எதற்காக இப்படி ஒரு பயணம்? யுத்தத்தால் பாழ்பட்ட பூமிகள் வழியாக, பாஸ்னியா போன்ற பால்கன் நாடுகள் வழியாக, துருக்கி வழியாக, அப்புறம் சிரியா, லெபனான், பாலஸ்தீனம் என்று போகவேண்டும். மனிதனை மனிதன் நம்பலாம், அந்நியனை அந்நியன் நம்பலாம் என்று காட்டவேண்டும். சமாதானம் என்பது சர்க்கார்கள் காகிதத்தில் போடுகிற கையெழுத்து மட்டுமல்ல, முகம் தெரியாதவருக்கு நாம் கதவைத் திறக்கிறோமா என்பதும் சமாதானம்தான் என்று சொல்லவேண்டும். இதுதான் அவர்களுடைய நோக்கம்.

இன்னொன்றும் செய்தார் பிப்பா. போகிற வழியில் மருத்துவச்சிகளைத் தேடிப் போனார். ஊர் ஊராகப் பிள்ளைப்பேறு பார்க்கிற பெண்கள்! அவர்களைக் கண்டு பேசி, குனிந்து உட்கார்ந்து, அவர்களுடைய பாதங்களைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். யுத்தம் உயிர்களை வாரிக்கொண்டு போன இடத்தில், உயிர்களை உலகத்துக்குக் கொண்டு வந்து சேர்க்கிற கைகளுக்கு அவர் செய்த மரியாதை அது. தோழர்களே, நம்முடைய கிராமத்தில் அர்த்தராத்திரியில் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு வயல் வரப்பில் ஓடிவந்து பிரசவம் பார்த்த மருத்துவச்சிக் கிழவியின் காலை யாராவது கழுவியிருக்கிறோமா? கழுவவில்லை. பல ஊர்களில் வாசலோடு நிறுத்திக் கூலி கொடுத்து அனுப்பினோம். எங்கிருந்தோ வந்த ஒரு பெண் அந்த உழைப்பின் முன்னால் மண்டியிட்டார் என்றால், அவரை நாம் அந்நியர் என்று எப்படிச் சொல்வது?

மூன்று வாரம் நடந்தது அந்தப் பயணம். எத்தனையோ எல்லைகளைத் தாண்டினார்கள். எத்தனையோ டிரைவர்கள் ஏற்றிக்கொண்டு போய்ப் பத்திரமாக இறக்கிவிட்டார்கள். இஸ்தான்புல் நகரம் வரை வந்து சேர்ந்தார்கள். அங்கே சிநேகிதிகள் இருவரும் பிரிந்து வெவ்வேறாகப் போவது என்றும், லெபனானின் பெய்ரூட் நகரில் மறுபடியும் சந்திப்பது என்றும் ஏற்பாடு.

இஸ்தான்புல்லுக்குக் கிழக்கே கெப்சே என்று ஓர் ஊர். தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். நம்மைப்போல ஷிப்ட் பார்க்கிற ஜனங்கள் வாழ்கிற ஊர். மார்ச் 31-ம் தேதி அங்கே பிப்பா ஒரு வண்டியில் ஏறினார். அதற்கப்புறம் அவரிடமிருந்து தகவல் இல்லை. வீட்டார் காத்திருந்தார்கள். பேச்சு மூச்சு இல்லை. ஒரு நாளா, இரண்டு நாளா? பதினோரு நாள்! மிலானில் ஒரு தாய் அந்தப் பதினோரு இரவுகளை எப்படிக் கழித்திருப்பாள் என்று இங்கே இருக்கிற தாய்மாருக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் 11-ம் தேதி, கெப்சேக்கு அருகே ஒரு கிராமத்துப் பக்கம், புதர்களுக்கிடையே அவருடைய உடலைக் கண்டெடுத்தார்கள். வண்டியில் ஏற்றிக்கொண்டவன் அவரைப் பலாத்காரம் செய்து, கழுத்தை நெரித்துக் கொன்றிருந்தான். அவனே போலீசாரை அந்த இடத்துக்குக் கூட்டிப்போனான். பின்னால் நீதிமன்றத்தில் அவன் தண்டிக்கப்பட்டான்.

சமாதானத்துக்காகப் புறப்பட்ட அந்தச் சகோதரி இப்படித்தான் மடிந்தார்.

சேதி வந்ததும் உலகம் என்ன சொல்லிற்று? கண்ணீர் விட்டவர்கள் உண்டு. துருக்கியிலேயே வெட்கித் தலைகுனிந்தவர்கள் ஏராளம். அந்த நாட்டு மாதர்கள் வீதிக்கு வந்து கண்டனம் முழங்கினார்கள். ஆனால் இன்னொரு குரலும் கூடவே கேட்டது. "தனியாக எதற்குப் போனாள்? முன்பின் தெரியாதவன் வண்டியில் எதற்கு ஏறினாள்? இந்தக் காலத்தில் இப்படி நம்புவார்களா? பைத்தியக்காரத்தனம்!" சென்ற மாதம் நம்முடைய கூட்டத்தில் கேட்ட அதே குரல்தான். பாஷை வேறு, அவ்வளவுதான்.

சரி, அந்தக் குரலை நாம் அலட்சியம் செய்யவேண்டாம். அது சொல்கிற புத்திமதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உண்மையிலேயே அவை ஒரு பெண்ணைக் காப்பாற்றுமா என்று உரைத்துப் பார்ப்போம்.

முதல் புத்திமதி: "அந்நிய தேசத்துக்குப் போகாதே. தெரியாதவன் வண்டியில் ஏறாதே. சொந்த ஊரில், பொது வண்டியில் போ."

நல்லது. அதே துருக்கி தேசத்தில், 2015-ம் வருஷம் பிப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். மெர்சின் என்பது தெற்கே கடற்கரையோரம் ஒரு மாகாணம். கல்லூரியில் படிக்கிற ஓர் இளம்பெண் படிப்பு முடிந்து சாயங்காலம் வீடு திரும்பினாள். அவள் அந்நிய தேசத்துக்காரியல்ல, அந்த மண்ணில் வளர்ந்தவள். அவள் யாரையும் கை காட்டி நிறுத்தவில்லை. எல்லா ஜனங்களும் ஏறுகிற, டிக்கெட் வாங்கிப் போகிற மினி பஸ்ஸில்தான் ஏறினாள். மற்றப் பிரயாணிகள் வழியில் இறங்கிவிட்டார்கள். கடைசியாக அவள் ஒருத்திதான் மிச்சம். டிரைவர் பாதையை மாற்றினான். அவளைக் கெடுக்க முயன்றான். அவள் கையில் மிளகுப்பொடித் தெளிப்பான்கூட இருந்தது. அதைப் பிரயோகித்துப் போராடினாள். கொன்றுவிட்டான்.

ஆக, சொந்த ஊரும் காப்பாற்றவில்லை. பொது வண்டியும் காப்பாற்றவில்லை. கையில் வைத்திருந்த மிளகுப்பொடியும் காப்பாற்றவில்லை.

இரண்டாவது புத்திமதி: "ஆண் துணையோடு போ."

2012 டிசம்பர் 16-ம் தேதி டில்லி மாநகரத்தில் நடந்ததை மறந்துவிட்டோமா? அந்தப் பெண் தனியாகப் போகவில்லை. ஆண் நண்பரோடு சினிமா பார்த்துவிட்டு, அவரோடுதான் பஸ் ஏறினாள். ஓடுகிற பஸ்ஸில் அந்த நண்பரை இரும்புத் தடியால் அடித்துப் போட்டுவிட்டு அவளைச் சிதைத்தார்கள். பதின்மூன்றாம் நாள் அவள் இறந்துபோனாள். ஆண் துணை காப்பாற்றவில்லை.

மூன்றாவது புத்திமதி: "வெளியே போகாதே, வீட்டோடு இரு."

தாய்மார்களே, இதற்கு நாங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. குடித்துவிட்டு வருகிறவனிடம் வீட்டுக்குள்ளேயே அடி வாங்குகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று கையைத் தூக்கச் சொன்னால், பாதிப்பேர் கை தூக்கமாட்டீர்கள், வெட்கத்தினால் தூக்கமாட்டீர்கள். வீடு என்பது தானாகவே பத்திரமான இடமல்ல. அதுவும் போக, வீட்டோடு இருந்தால் உலை கொதிக்குமா? விடிகாலை நாலு மணிக்குக் களையெடுக்கப் போகிறவள், லோடு வண்டியில் ஆடு மாடு மாதிரி நின்றுகொண்டு அடுத்த தாலுக்காவுக்கு நடவுக்குப் போகிறவள், ராத்திரி ஷிப்ட் முடிந்து இருட்டு ரோட்டில் வருகிறவள், இவர்களெல்லாம் வீட்டோடு இருந்தால் யார் சோறு போடுவது? 'வெளியே போகாதே' என்பது வெளியே போகாமல் சாப்பிட முடிந்தவர்கள் சொல்கிற புத்திமதி.

பார்த்தீர்களா, தோழர்களே! மூன்று புத்திமதியும் உரைகல்லில் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? அவை மூன்றும் பெண்ணைப் பார்த்தே பேசுகின்றன. குற்றம் செய்தவனைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. விளக்கில்லாத ரோட்டைப் பார்த்துப் பேசவில்லை. புகார் கொடுக்கப் போனவளை உட்காரச் சொல்லாத போலீஸ் ஸ்டேஷனைப் பார்த்துப் பேசவில்லை. வீட்டுக்கு ஓட்டைப் பிரித்துக்கொண்டு திருடன் வந்தால் 'நீ ஏன் வீடு கட்டினாய்?' என்று கேட்கிறோமா? இங்கே மட்டும் ஏன் கேட்கிறோம்?

மெர்சினில் அந்த மாணவியின் சவ அடக்கத்தின்போது நடந்ததைக் கேளுங்கள். பெண்கள் பின்னால் போய் நிற்கவேண்டும் என்று சமயகுரு சொன்னார். பெண்கள் நகரவில்லை. முன்னால் வந்தார்கள். சவப்பெட்டியைத் தங்கள் தோளிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். இனி வேறொரு ஆணின் கை அவள்மீது படக்கூடாது என்றார்கள். அப்புறம் ஊர் ஊராக ஆயிரக்கணக்கில் ஜனங்கள் திரண்டார்கள். இஸ்தான்புல்லில் ஆண்கள் பாவாடை உடுத்திக்கொண்டு ஊர்வலம் வந்தார்கள். 'உடைதான் காரணம் என்கிறாயா? இதோ, நாங்களும் உடுத்தியிருக்கிறோம், வா' என்று சவால் விடுகிற மாதிரி! அந்த வருஷக் கடைசியில் குற்றவாளிகள் மூவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பெண்கள்மீது நடக்கிற பலாத்காரத்தைத் தடுப்பதற்காக ஐரோப்பிய நாடுகள் கூடி 2011-ல் ஓர் ஒப்பந்தம் செய்தன. இஸ்தான்புல்லில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டதால் அந்த ஊர்ப் பெயரே அதற்கு வந்தது. அவள் போட்ட உடை சரியில்லை, நடத்தை சரியில்லை, சம்பிரதாயத்தை மீறினாள் என்பதையெல்லாம் குற்றத்துக்குச் சமாதானமாக ஏற்கக்கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. அதை முதல் முதலில் அங்கீகரித்த நாடு துருக்கிதான். ஆனால் 2021 மார்ச்சில் ஒரு நள்ளிரவு உத்தரவில் அதே துருக்கி விலகிக்கொண்டது. அந்த வருஷம் ஜூலை 1 முதல் விலகல் அமலுக்கு வந்தது. மாதர்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன? சட்டம் வாங்கினால் மட்டும் போதாது. வாங்கிய சட்டத்தைக் காவல் காக்க ஜனங்கள் வேண்டும்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம்.

பிப்பா பாக்கா கலைஞர். ஒரு லட்சியத்துக்காகப் போனார். நம்முடைய வீட்டுப் பெண்கள் வயிற்றுக்காகப் போகிறார்கள். வீட்டுவேலைக்கும், ஆஸ்பத்திரி வேலைக்கும், தையல் வேலைக்கும் கடல் தாண்டிப் போகிறவர்கள் அவர்கள். உல்லாசப் பிரயாணிக்காவது போன இடம் பிடிக்காவிட்டால் திரும்பி வர டிக்கெட் இருக்கும். இவர்களில் எத்தனை பேருடைய பாஸ்போர்ட்டை எஜமானன் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறான்! பாஷை தெரியாது. வாசலைத் தாண்டவிடமாட்டான். காணாமற்போன பெண் என்றால் காட்டிலும் புதரிலும்தானா? நாலு சுவருக்குள்ளே காணாமற்போனவர்களும் உண்டு.

அப்படியானால் அனுப்பவே கூடாதா? அப்படி நாங்கள் சொல்லவில்லை. அனுப்புகிற விதத்தில் அனுப்பவேண்டும் என்கிறோம். கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, ஏஜெண்ட். 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய சர்க்காரிடம் பதிவு செய்யாதவன் ஆள் எடுத்து அனுப்பக்கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். பத்தாவது தேறாதவர்களுடைய பாஸ்போர்ட்டில் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்று முத்திரை இருக்கும். அந்தப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற பெண்களை அரபு நாடுகள் முதலானவற்றுக்குச் சர்க்கார் நிறுவனங்கள் மூலமாகவே வேலைக்கு அனுப்பவேண்டும் என்று 2016-ல் விதி வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று சர்க்கார் நிறுவனமே இருக்கிறது. 'அதெல்லாம் வேண்டாம், சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்' என்று எவனாவது சொன்னால், அவன் உங்கள் பெண்ணை வேலைக்கு அனுப்பவில்லை, விற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலா விசாவில் போனவளுக்கு அங்கே தொழிலாளி என்ற பெயரே கிடையாது.

இரண்டாவது, காகிதங்கள். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், எஜமானனின் விலாசம், ஏஜெண்டின் ரசீது என்று ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் ஒன்று, சங்க அலுவலகத்தில் ஒன்று வையுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் மத்திய சர்க்காரின் சொத்து. 1967-ம் வருஷச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதைப் பறித்து வைத்துக்கொள்ள எந்த எஜமானனுக்கும் உரிமையில்லை என்பது போகிறவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

மூன்றாவது, செல்போன். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறோம். பிப்பாவைக் கொன்றவன் எப்படி அகப்பட்டான் தெரியுமா? அவருடைய செல்போனை எடுத்துத் தன்னுடைய சிம் கார்டைப் போட்டான். அகப்பட்டுக்கொண்டான். காரணம் என்ன? ஒவ்வொரு செல்போனுக்கும் அதற்கே உரிய பதினைந்து இலக்க எண் உண்டு. சிம்மை மாற்றினாலும் அந்த எண் மாறாது. வேறு சிம் போட்டு முடுக்கிய உடனே, இந்த எண்ணுள்ள போன் இன்ன இடத்தில் இன்னார் சிம்மோடு வேலை செய்கிறது என்று போன் கம்பெனிக்குத் தெரிந்துவிடும். உங்கள் போனில் நட்சத்திரக் குறி, சதுரக் குறி, பூஜ்யம், ஆறு, சதுரக் குறி என்று அழுத்தினால் அந்த எண் திரையில் வரும். இன்றைக்கே எழுதி வையுங்கள். கடல் தாண்டுகிறவளுக்கு மட்டுமல்ல, ராத்திரி ஷிப்டுக்குப் போகிற ஒவ்வொருத்திக்கும் இது தேவை.

நான்காவது, வேளை. வாரத்தில் இன்ன நாள் இன்ன நேரத்துக்குப் பேசுவேன் என்று வைத்துக்கொள்ளவேண்டும். பக்கத்தில் எஜமானி நின்றுகொண்டிருந்தால் உள்ளதைச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு அடையாள வார்த்தை பேசிவைத்துக்கொள்ளுங்கள். 'நம்ம செவலை மாடு கன்று போட்டுதா?' என்று மகள் கேட்டால், 'எனக்கு ஆபத்து' என்று அர்த்தம். இல்லாத மாட்டைப் பற்றிக் கேட்டால் எவனுக்கும் சந்தேகம் வராது!

ஐந்தாவது, தகவல் நின்றுபோனால் என்ன செய்வது? காத்திருக்காதீர்கள். 'இருபத்துநாலு மணி நேரம் ஆகட்டும்' என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. 'எங்கள் எல்லையில் வராது' என்று போலீஸ் ஸ்டேஷனில் தட்டிக்கழிக்கவும் கூடாது. எல்லை எதுவானாலும் புகாரைப் பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்பவேண்டும் என்று 2024 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டத்திலேயே இருக்கிறது. உள்நாட்டில் அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181. வெளிநாடானால் அங்கேயுள்ள இந்தியத் தூதரகத்துக்கு உடனே எழுதவேண்டும். மத்திய சர்க்காரின் 'மதத்' என்ற இணையதளத்திலும் முறையிடலாம். எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் நேரே சங்கத்துக்கு வாருங்கள். ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் கதவைத் தட்டுங்கள்.

இதெல்லாம் போகிறவளும் வீட்டாரும் செய்யவேண்டியது. மற்ற நாமெல்லாம் செய்யவேண்டியது என்ன? ஆண் தோழர்களே, உங்களைத்தான் கேட்கிறோம்.

மில்லுக்கு ஆள் ஏற்றி வருகிற வண்டியில் நடக்கிற சில்மிஷமும் வேலைத்தலத்துக் குற்றம்தான். 2013-ம் வருஷச் சட்டத்தில், முதலாளி ஏற்பாடு செய்கிற வண்டியும் வேலைத்தலத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது. பத்துப்பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார்க் கமிட்டி இருக்கவேண்டும். அதற்கும் குறைந்த இடத்துக்கும், வீட்டுவேலை செய்கிறவர்களுக்கும் ஜில்லாவில் ஒரு கமிட்டி. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கவேண்டும். உங்கள் மில்லில் அந்தக் கமிட்டி இருக்கிறதா? அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? போனஸுக்காகக் கேட்டில் நிற்கிறோம், நிற்கவேண்டியதுதான். இதற்காக ஒரு நாள் நின்றிருக்கிறோமா? மேஸ்திரி கையைப் பிடித்தான் என்று ஒருத்தி சொன்னால், 'அவள் எப்படிப்பட்டவளோ' என்று டீக்கடையில் முணுமுணுக்கிறவன் நம்மில் இல்லையா? அந்த முணுமுணுப்புதான், தோழர்களே, கெப்சேயில் வண்டி ஓட்டி வந்தவனுக்குத் தைரியம் கொடுத்தது. அவளை யாரும் நம்பமாட்டார்கள், என்னை யாரும் கேட்கமாட்டார்கள் என்கிற தைரியம்!

பிப்பாவின் கதை புதரோடு முடிந்துவிடவில்லை. அதே துருக்கியில் பிங்கோல் எல்மாஸ் என்று ஒரு பெண், படம் எடுக்கிறவர். அவர் என்ன செய்தார்? கறுப்பு நிறத்தில் மணப்பெண் உடையை உடுத்திக்கொண்டார். பிப்பாவின் பயணம் எங்கே அறுபட்டதோ அங்கிருந்து தொடங்கினார். அதே மாதிரி வழியில் வண்டிகளைக் கை காட்டி நிறுத்தி, சிரியா எல்லை வரை போனார். போகிற வழியில் டிரைவர்களையும் பெண்களையும் கண்டு பேசினார். பிப்பாவுக்கு எழுதுகிற கடிதம் மாதிரி அதை 2010-ல் படமாக வெளியிட்டார். எங்கள் மண்ணில் விழுந்த சகோதரியின் வழியை எங்கள் மண்ணின் பெண்ணே முடித்து வைப்பாள் என்று சொல்கிற மாதிரி இருக்கிறது அந்தச் செயல்.

எல்லோரும் கை காட்டி வண்டி ஏறவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஜாக்கிரதை வேண்டும், நூறு தடவை வேண்டும். ஆனால் ஜாக்கிரதை வேறு, சிறை வேறு. ஜாக்கிரதையாக இல்லாதது ஒருவேளை தவறாக இருக்கலாம். தவறுக்கு மரண தண்டனை கிடையாது. குற்றம் என்பது குற்றவாளியுடையது. அதில் ஒரு குன்றிமணி அளவைக்கூட எடுத்துச் செத்தவள் தலையில் வைக்க நமக்கு உரிமையில்லை.

ரீலிங் பகுதித் தாயே! நீங்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு எங்கள் பதில் இது. உங்கள் மகள் போகட்டும், அம்மா. விசாரித்து, காகிதம் பார்த்து, சர்க்கார் வழியாகப் போகட்டும். ஆனால் அவள் தனியாகப் போகமாட்டாள். விமானத்தில் ஒருத்தியாக ஏறினாலும் அவளுக்குப் பின்னால் இந்தக் கூட்டம் முழுவதும் நிற்கும்.

இது வாய்ப்பேச்சாகப் போய்விடக் கூடாது. அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறோம். சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போகிற நம் பெண்கள் ஒவ்வொருவருடைய பெயரும், போகிற இடமும், பாஸ்போர்ட் எண்ணும், செல்போனின் பதினைந்து இலக்க எண்ணும், வீட்டுக்குப் பேசுகிற நாளும் அதில் எழுதப்படும். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். எவள் பேசவில்லையோ அவள் வீட்டுக்கு அன்றைக்கே ஆள் போகும். அந்த இரண்டு பேரில் ஒருவர் பெண், ஒருவர் ஆண். முறை வைத்துச் செய்வோம்.

முதல் பெயரை இன்று ராத்திரியே எழுதலாம். கூட்டம் முடிந்ததும் மேஜைப் பக்கம் வாருங்கள், அம்மா. மகளையும் கூட்டிவாருங்கள்.